கண்ணாடி அலமாரியில் ஆந்தூரியம் இலை நீர் கோத்துக் கறுக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். நான்கு மாதமாகக் கண்ணாடி அலமாரியில் செடி வளர்க்கிறேன். நான்கு கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே எல்.இ.டி. பட்டை, உச்சியில் ஒரு சின்ன ஃபேன். கதவு இடுக்கையெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி அடைத்துவிட்டேன். முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போனது, பிலோடெண்ட்ரான் குளோரியோசம் ஒன்றன்பின் ஒன்றாக இலை விரித்தது. இப்போது மூன்று வாரமாகக் கீழ்த்தட்டில் இருக்கும் ஆந்தூரியம் கிளாரிநெர்வியத்தின் இலை ஓரத்தில் புள்ளிகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊடுருவித் தெரிகிறது, இரண்டு நாளில் நடுவில் கறுத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் விழுகிறது. ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி) 72 சதவீதம் காட்டுகிறது, வெப்பம் 28 டிகிரி. இரண்டுமே சரியான அளவுதானே? ஆசையாக வளர்த்த செடி, தினம் ஒரு இலை போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பதில் 1

பூஞ்சையாக இருக்கும். பூஞ்சைக்கொல்லி அடித்துப் பாருங்கள், எனக்கு அலோகேசியாவில் அப்படித்தான் நின்றது.

பதில் 2

மருந்து வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். எண்ணெய்க் காகிதம் போல ஊடுருவுவது, மஞ்சள் வளையம், அதுவும் இலை ஓரத்தில் தொடங்குவது, இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பாக்டீரியா. ஆந்தூரியத்துக்கு சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கருகல் நோய் பேர்போனது, பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. படம் இல்லாமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீர் கொப்புளமாக இருந்தால் தடவும்போது தக்கை மாதிரி சொரசொரப்பாகத் தட்டுப்படும், இப்படி வளையம் விழாது.

நான்கு விஷயம் சொல்லுங்கள். ஹைக்ரோமீட்டர் எந்தத் தட்டில் இருக்கிறது? நீங்கள் சொன்ன 72 எந்த நேரத்து அளவு? ஃபேன் இரவிலும் ஓடுகிறதா? காலையில் கதவு திறக்கும்போது கண்ணாடி எப்படி இருக்கிறது?

கேட்டவர்

மேல்தட்டில், விளக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பார்ப்பேன். ஃபேனும் விளக்கும் ஒரே டைமரில், 12 மணி நேரம் ஓடி இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். காலையில் கீழ்த்தட்டுக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து நிற்கும். செடிக்கு அது நல்லது என்றுதான் நினைத்தேன். அணைவதற்கு முன்னால் இலை மேல் ஸ்ப்ரேயும் செய்வேன்.

பதில் 2

சரி, பிடி கிடைத்துவிட்டது. பகலில் எல்லாம் ஒழுங்கு, கோளாறு இரவில்தான். 28 டிகிரியில் 80 சதவீத ஈரம் உள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கிவிடும். உங்களுக்கு விளக்கு அணைந்ததும் சூடு இறங்குகிறது, அதே நேரத்தில் ஃபேனும் நின்றுவிடுகிறது, அதற்குச் சற்று முன்புதான் இலையை நனைத்திருக்கிறீர்கள். போதாததற்குக் கண்ணாடித் தட்டுகள் அலமாரியை நான்கு தனிப்பெட்டிகளாகப் பிரித்துவிடுகின்றன, உச்சியில் சுற்றும் காற்று கீழே வருவதே இல்லை. மேலே 72 காட்டும்போது கீழே 90க்கு மேல் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொன்று. வேர் இழுத்த நீர் இரவில் ஆவியாக வழியில்லாமல் இலை விளிம்பில் இருக்கும் துளைகள் வழியே முத்து முத்தாகக் கசியும். அந்தச் சின்னத் துளைகள்தான் பாக்டீரியா உள்ளே நுழையும் வாசல். ஓரத்தில் புள்ளி தொடங்குவதற்குக் காரணம் இது.

அதனால் ஃபேனைத் தனி இணைப்புக்கு மாற்றி 24 மணி நேரமும் ஓட விடுங்கள், கீழேயும் ஒன்று வையுங்கள். காற்று இலைமேல் நேராக அடிக்க வேண்டாம், கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தால் போதும். தட்டுகளை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. ஸ்ப்ரேயை அடியோடு நிறுத்துங்கள். கதவின் மேல் இடுக்கில் ஒரு விரல் நீளத்துக்கு ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். ஈரம் 65 முதல் 75க்குள் நின்றால் இந்தச் செடிகளுக்குத் தாராளம்.

புள்ளி விழுந்த இலையை முழுதாக வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அந்தச் செடியை இன்றைக்கே அலமாரிக்கு வெளியே வையுங்கள். இலைக்காம்பு அடியிலிருந்து மஞ்சளானால் நோய் தண்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது காப்பாற்றப் பார்க்காதீர்கள், மற்ற செடிகளையும் இழப்பீர்கள்.

பதில் 3

அண்ணன் சொன்னதோடு ஹைக்ரோமீட்டரையும் சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, ஹைக்ரோமீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அத்தனை நாளும் 9 குறைத்துக் காட்டியதை நம்பித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

மண் கலவை என்ன? அலமாரிக்குள் தொட்டி காய ரொம்ப நாளாகும், வெறும் தென்னை நாரில் வேர் மூச்சு முட்டிவிடும். மரப்பட்டையும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துணுக்கு) பாதிக்கு மேல் இருக்கட்டும்.

பதில் 1

பாக்டீரியாவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது, என் பதிலை விட்டுவிட்டு இவர்கள் சொன்னதையே செய்யுங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

கிளாரிநெர்வியம் போய்விட்டது. வெளியே எடுத்து வைத்த பத்தாம் நாள் காம்பு அடியில் மஞ்சளானது, தொட்டியோடு அப்புறப்படுத்தினேன். வருத்தம்தான். ஹைக்ரோமீட்டரைக் கீழே மாற்றி வைத்த முதல் இரவு 94 காட்டியது. இப்போது வலைத்தட்டு, இரண்டு ஃபேன், இரவிலும் 74ஐத் தாண்டுவதில்லை, காலையில் கண்ணாடி காய்ந்தே இருக்கிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆந்தூரியமான கிரிஸ்டலினத்தில் இரண்டு இலை வெட்டினேன், அதற்கப்புறம் வந்த இலை நேற்று முழுதாக விரிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

பதில் 2

அந்தச் செடியைத் தூக்கிப்போட்டது சரியான முடிவு. கிரிஸ்டலினத்தை இன்னும் இரண்டு மாதமாவது தனியாக வையுங்கள், அதுவரை புதுச்செடி எதையும் உள்ளே விட வேண்டாம்.