டைனி கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராசசர் போடலாம்? (லெனோவோ எம்710க்யூ, இப்போ பென்டியம் ஜி4400டி)

களியக்காவிளை ஜெராக்ஸ் கடை:
அண்ணன்மாரே, ஒரு உதவி வேணும். மெஷின் லெனோவோ எம்710க்யூ டைனி (புத்தக அளவு குட்டிக் கம்ப்யூட்டர்). 4 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, 65 வாட் அடாப்டர். தமிழ், மலையாளம் டைப்பிங், ஸ்கேன், பிடிஎஃப் சேர்க்கிறது, கூடவே குரோமில் பத்துப் பதினைஞ்சு டேப். எல்லாத்துக்கும் இழுக்குது. செகண்ட் ஹேண்டில் ஐ7-7700 ஒண்ணும் ஐ5-8500டி ஒண்ணும் கிடைக்குது. எது போடலாம்? மானிட்டரும் இதுவும் ஒரே 600 விஏ யூபிஎஸ்லதான் ஓடுது. கரண்ட் கூடக் கூடாது.

பாறசாலை சர்வீஸ்:
ரெண்டையும் வாங்காதீங்க தம்பி.

ஐ5-8500டி (8-ஆம் தலைமுறை) உங்க சாக்கெட்ல, அதாவது ப்ராசசர் மாட்டுற இடத்துல, உக்காரும், பின் எண்ணிக்கையும் 1151தான். ஆனா பவர் பின் அமைப்பை 8-ஆம் தலைமுறையில இன்டெல் மாத்திட்டாங்க. அதுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டோட கட்டுப்பாட்டுச் சிப்) வேணும். உங்க போர்டு பி250. 6, 7 தலைமுறை மட்டும்தான் எடுக்கும். மாட்டினா டிஸ்ப்ளேயே வராது.

ஐ7-7700 தலைமுறை சரி, ஆனா 65 வாட் சிப். அந்தப் பெட்டியோட ஹீட் சிங்க் (ப்ராசசர் சூட்டை வெளியேத்துற உலோகப் பாகம்) 35 வாட்டுக்குச் செஞ்சது. அடாப்டரே மொத்தம் 65 வாட். அதிலிருந்துதான் போர்டு, ரேம், டிஸ்க், யூஎஸ்பி எல்லாம் ஓடணும். சூடாகி வேகத்தைத் தானே குறைச்சுக்கும்; காசு குடுத்த வேகம் கிடைக்காது. பேர்ல கடைசியா 'டி' இருக்கிற 35 வாட் சிப்பை மட்டும் பாருங்க.

அதுக்கும் முன்னாடி, மெஷின் இழுக்கிற நேரத்துல டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் திறந்து சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் எவ்வளவுன்னு சொல்லுங்க.

களியக்காவிளை ஜெராக்ஸ் கடை:
சிபியு 50-60, மெமரி 93, டிஸ்க் 100-லயே நிக்குது அண்ணே.

பாறசாலை சர்வீஸ்:
அப்போ ப்ராசசர் இன்னும் கேள்விக்கே வரல. ரேம் நிரம்பினதும் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்ல எழுதி எழுதி எடுக்குது. அதுதான் இழுவை. டிடிஆர்4 லேப்டாப் ரேம் 8 ஜிபி ரெண்டு போடுங்க. ஒரே 16-ஐ விட ரெண்டு 8 நல்லது. உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸும் ரேமைத்தான் பயன்படுத்துது, ரெண்டு சேனல் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல ரெண்டு பாதை) கிடைச்சா அதுக்கும் வேகம் கூடும். அடிப்பக்க மூடியைத் திறந்தா எம்.2 ஸ்லாட் இருக்கு, அதுல மாட்டுற 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட ரொம்ப வேகமான சேமிப்பு) போதும்.

செங்கோட்டை:
ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான ஆதரவு முடிஞ்சிட்டு. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமா 8-ஆம் தலைமுறையாவது வேணும். அதனால இந்தப் போர்டுல எந்தச் சிப் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. கைரேகை மெஷின் மாதிரி விண்டோஸ் டிரைவர் கட்டாயம் தேவைப்படுற வேலைன்னா, ப்ராசசருக்குப் பணம் போடாம எம்720க்யூ மாதிரி 8-ஆம் தலைமுறை டைனியா மாத்திடுறது புத்தி. ரேமும் எஸ்எஸ்டியும் அப்படியே அதுக்குக் கூட வரும். ப்ராசசர் வராது. அதனாலதான் முதல் காசு ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும்.

களியக்காவிளை ஜெராக்ஸ் கடை:
ரேமும் எஸ்எஸ்டியும் போட்டாச்சு, மெஷின் பறக்குது! கைரேகை வேலை வேற சிஸ்டத்துல. இதுல டைப்பிங்கும் பிடிஎஃப்பும்தான். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன், ஸ்கேனர் வேலை செய்யுது. ஆனா ஸ்கேன் பண்ணினதை எழுத்தா மாத்தும்போதும், யூட்யூப் ஓடும்போதும் சிபியு 100 தொடுது.

பாறசாலை சர்வீஸ்:
இப்போ ப்ராசசர் பேசலாம். ஜி4400டில ரெண்டே கோர், ஹைப்பர் திரெடிங் (ஒரு கோர்ல ரெண்டு வேலை வரிசை, அதாவது திரெட், ஓட்டுற வசதி) இல்ல, ஏவிஎக்ஸ் கட்டளைகளும் (நிறைய எண்களை ஒரே அடியில கணக்குப் போடுற வசதி) இல்ல. எழுத்தறியும் மென்பொருள் ஏவிஎக்ஸ் இருந்தா நல்லாப் பயன்படுத்திக்கும்.

என் கணக்குல ஐ5-7500டி. நாலு கோர், 2.7 முதல் 3.3 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். ஐ5-6500டி கொஞ்சம் மலிவாக் கிடைச்சாலும் 7500டிக்கே போங்க: யூட்யூப் பயன்படுத்துற விபி9 வகை வீடியோவை 7-ஆம் தலைமுறை கிராபிக்ஸ் முழுசா தானே பிரிச்சுக்கும், சிபியுவுக்குப் பாரம் குறையும். ஐ7-7700டி (நாலு கோர், எட்டுத் திரெட்) அதே 35 வாட்தான். விலை வித்தியாசம் சின்னதுன்னா எடுங்க, இல்லேன்னா உங்க வேலைக்குத் தேவையில்ல.

கரண்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. 35 வாட்ங்கிறது முழுப் பாரத்துல தொடர்ந்து ஓடும்போது. சும்மா இருக்கும்போது இந்த மாதிரி மெஷின் மொத்தமே சுமார் 10 வாட்தான் இழுக்கும். நாலு கோர் வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டு ஓய்வுக்குப் போயிடும்.

வாங்கும்போது சிப்போட உலோக மூடியில பொறிச்ச எழுத்தைப் படிச்சுப் பாருங்க. 'டி' இல்லாம 7500-ன்னு இருந்தா அது 65 வாட். 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்'னு இருந்தா சோதனைச் சிப், தொடாதீங்க. அடிப்பக்கத் தங்கப் புள்ளிகள்ல கருகல் இருக்கக் கூடாது.

களியக்காவிளை ஜெராக்ஸ் கடை:
மாட்டுறது எப்படி அண்ணே? கவனிக்க வேண்டியது என்ன?

பாறசாலை சர்வீஸ்:
முதல்ல பழைய சிப்போடயே பயாஸைப் (போர்டுலயே இருக்கிற தொடக்க மென்பொருள்) புதுசாக்குங்க, யூபிஎஸ் சார்ஜ் நிறைய இருக்கும்போது. பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தினா பழைய பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பசை) இளகியிருக்கும். அடாப்டரைக் கழட்டி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிங்க.

ஹீட் சிங்க் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. வெடுக்குன்னு இழுக்காம லேசாத் திருப்பி எடுங்க. பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைக்கணும்.

சாக்கெட்ல பின் எல்லாம் போர்டு பக்கம் இருக்கு, முடி மாதிரி மெல்லிசு; விரலோ துணியோ படக் கூடாது. சிப்போட முக்கோணக் குறியையும் ரெண்டு பக்கக் குழிகளையும் பொருத்தி நேரா மேலிருந்து வைங்க, தேய்ச்சு நகர்த்தாதீங்க. நெம்புகோலை மூடும்போது கொஞ்சம் விறைப்பா இருக்கும், அது சகஜம். புது பேஸ்ட் சிப் மூடி நடுவுல ஒரு பச்சைப்பயறு அளவு.

முதல் தடவை ஆன் பண்ணும்போது கொஞ்ச நேரம் திரை கறுப்பாவே இருக்கலாம், பொறுங்க. ரெண்டு மூணு நிமிஷமாகியும் வரலேன்னா அடாப்டரைக் கழட்டி, போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரியை அஞ்சு நிமிஷம் எடுத்துட்டுப் போடுங்க.

செங்கோட்டை:
16-க்குப் பதிலா 8 ஜிபி மட்டும் காட்டினா ரேமைக் குறை சொல்லாதீங்க. ஹீட் சிங்க் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தா, இல்ல ஒரு பின் வளைஞ்சா, ஒரு மெமரி சேனல் அப்படியே காணாமப் போகும். திருகுகளைத் தளர்த்தி, சரிசமமா மறுபடி இறுக்கிப் பாருங்க. திறந்ததோட ஹீட் சிங்க் இடுக்குத் தூசியையும் ஊதிடுங்க, விசிறி சுத்தாம ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு.