பள்ளித் திடலுக்குப் பத்திரம் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், நன்னிலம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு 1960களில் ஊர் மிராசுதார் ஒருவர் ஒரு மா (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலம் கொடுத்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். முகப்புக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. எழுத்தில் வேறு எதுவும் இல்லை. இணையத்தில் பார்த்தபோது கட்டடம் நிற்கும் உட்பிரிவு சர்க்கார் புறம்போக்கு என்றும், திடலும் சத்துணவுக் கூடமும் உள்ள உட்பிரிவு காலமான அந்த மிராசுதாரின் பட்டா என்றும் வருகிறது. சென்ற மாதம் மனைத் தரகர் ஒருவர் வந்து திடலை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார். அறுபது ஆண்டுகளாகப் பள்ளி அனுபவித்து வருவதைக் காட்டிப் பட்டா மாற்றக் கேட்டால் போதுமா?

பதில் 1 (ஓய்வு பெற்ற நில அளவர், திருவாரூர்)

பட்டாவுக்கு மனு எழுதும் முன், நிலம் யாருடையதாக இருந்தது என்பதைப் பழைய ஏடுகளில் பாருங்கள். இப்போது கணினியில் தெரிவது பெரும்பாலும் 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்ட அளவையின் வழி வந்த பதிவு. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு (செட்டில்மென்ட் ஏடு), 'அ' பதிவேடு (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதிய ஊர் ஏடு), புல வரைபடம் (எல்லை அளவுகளைக் காட்டும் படம்) ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். பழைய ஏட்டில் பள்ளி என்று இருந்து புதியதில் மிராசுதார் பெயர் ஏறியிருந்தால், அது அளவைப் பிழை, திருத்தம் கோரலாம். இரண்டிலும் அவர் பெயரே இருந்தால், தானம் காகிதத்துக்கு வரவே இல்லை என்று பொருள்.

எல்லையையும் அளந்து உறுதி செய்யுங்கள். நம் பக்கத்து அளவைக் கற்களில் பாதி வண்டலுக்கு அடியில் கிடக்கின்றன. மீதி வாய்க்கால் படித்துறையில் துணி துவைக்கப் பயன்படுகின்றன.

பதில் 2 (ஆவண எழுத்தர், கும்பகோணம்)

பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே. உரிமையைத் தருவது பத்திரம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்தின் தானம் இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்ததை நம்பிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி அனுபவித்தது நீதிமன்றத்தில் வலுவான வாதம்தான். ஆனால் 'அனுமதியின் பேரில்தான் இருந்தார்கள்' என்று எதிர்த் தரப்பு சொல்லும், அதை நீங்கள் வழக்காடித்தான் முறியடிக்க வேண்டும். வட்டாட்சியர் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆகவே வாரிசுகள் மனம் வைத்திருக்கும்போதே தானப் பத்திரம் எழுதி வாங்குவது மேல். வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அவர் பங்கு பள்ளிக்கு வராது. தலைமையாசிரியர் பெயருக்கோ ஊர்ப் பெரியவர் பெயருக்கோ எழுதாமல், ஒன்றிய ஆணையர் பதவிப் பெயருக்கு எழுதி, சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் காட்டி, வரைபட நகலை இணையுங்கள். பதிவுக்குப் பின் பட்டா மாற்றவும் மறக்காதீர்கள். பலர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பதில் 3 (மயிலாடுதுறை)

பழைய ஏட்டில் கோயில் பெயர் வந்தால் மேற்சொன்ன வழி உதவாது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, விற்பனைக்கும் பரிவர்த்தனைக்கும் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அறங்காவலர் கடிதம் மட்டும் செல்லாது.

கேட்டவர்

நன்றி. வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் வர முடியாது என்கிறார்.

பதில் 2 (ஆவண எழுத்தர்)

அவர் வர வேண்டியதில்லை. இந்த ஒரு சொத்துக்கென்று சிறப்பு அதிகாரப் பத்திரம் (தனக்காக இங்குள்ள ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிடுங்கள். தானம் எழுதும் அதிகாரம் அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். 'நிர்வகிக்க' என்று மட்டும் எழுதியிருந்தால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.