"காற்றுக்கு ஏது சுயசித்தம் டீச்சர்?" – மறைக்கல்வி வகுப்பில் வந்த கேள்வி

கேள்வி: கடற்கரை டீச்சர்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் எங்களுடையது. ஞாயிறு மறைக்கல்வியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் சுயசித்தம் பற்றிய பாடம். கடவுள் நம்மைப் பொம்மைகளாகப் படைக்கவில்லை, நல்லதையோ கெட்டதையோ தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறார், அந்த உரிமையை மனிதன் கெடுத்துக்கொள்வதால்தான் இவ்வளவு துன்பம் என்று சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "ஓகிப் புயலில் அடித்தது காற்றுதானே, காற்றுக்கு ஏது சுயசித்தம் டீச்சர்?" என்றான். 2017 நவம்பரில் அவன் அப்பா கடலுக்குப் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். கொலைக்கும் போருக்கும் சுயசித்தம் என்ற பதில் பொருந்துகிறது. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அலை கொண்டுபோன பச்சைப் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? "ஆதாம் செய்த பாவம்" என்று அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. பொய்யும் சொல்லக்கூடாது, அவனைப் புண்படுத்தவும் கூடாது. என்ன சொல்லலாம்?

பதில்: மார்த்தாண்டம் சி.எஸ்.ஐ. வாசகர்

சகோதரி, ரோமர் 8ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார். உலகம் இன்னும் முழுமையடையவில்லை. அப்புறம் இன்னொன்று. பூமியின் தட்டுகள் நகர்வதால் சுனாமி வருகிறது, அதே நகர்வுதான் மலைகளையும் தருகிறது. கடல் சூடாவதால் புயல் வருகிறது, மழையும் அந்தச் சூட்டில்தான் பிறக்கிறது. இயற்கை ஒரு ஒழுங்கில் நடந்தால்தான் மனிதன் எதையாவது யோசித்துத் தேர்ந்தெடுக்க முடியும். ஒவ்வொரு விபத்தையும் தேவன் கைநீட்டித் தடுத்தால் நம் செயல்களுக்கு விளைவே இருக்காது.

பதில்: தூத்தூர் மண்டல ஆழ்கடல் தொழிலாளி

டீச்சர், ஓகியில் என் தம்பி போனான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மேலே சகோதரர் சொன்னதில் தவறில்லை. ஆனால் துக்க வீட்டில் அதைச் சொல்ல முடியாது. என் அம்மாவிடம் கடல் சூட்டைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்?

முதலில் அந்தப் பையனிடம் காற்றையும் சாவையும் பிரித்துச் சொல்லுங்கள். நவம்பர் 29இல் இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. அவ்வளவு வேகம். நீரோடி முதல் இரயுமன்துறை வரை எங்கள் ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். வயர்லெஸ் எட்டாத தூரம். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அவர்கள் காதில் அது விழ வழியில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் உயிரோடு மிதந்தவர்கள் உண்டு. இன்னும் ஆழத்துக்குப் போய்த் தேடுங்கள் என்று அரசிடம் கெஞ்சினோம். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர், பாதிரியார்களும் சேர்ந்து, தண்டவாளத்தில் உட்கார்ந்தது அதற்காகத்தான். செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவி பற்றி அப்புறம்தான் எல்லாரும் பேசினார்கள். அது முன்னமே படகில் இருந்திருந்தால் எத்தனையோ பேர் திரும்பியிருப்பார்கள். இதெல்லாம் மனிதன் தேர்ந்தெடுத்தது. இதைக் கடவுள் தலையில் போடக்கூடாது என்று பையனுக்குத் தெரியட்டும்.

மீதி இருப்பது காற்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. திருச்சபையும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 309ஆம் பத்தியைப் பாருங்கள், இந்தக் கேள்விக்கு அவசர பதில் எதுவும் போதாது என்று வெளிப்படையாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த ஒருவர் "ஆண்டவர் சித்தம்" என்றார். "என் பிள்ளையைக் கொண்டுபோய் ஆண்டவருக்கு என்ன ஆகணும்?" என்று அம்மா கேட்டார். அந்த வார்த்தை எனக்குச் செபமாகத்தான் பட்டது. பைபிளில் பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் கடவுளுக்கு வக்காலத்து வாங்கப் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? தனக்காகப் பேசிய அந்த நண்பர்கள்மேல். தன்னிடம் வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசுவும் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை.

வேளாங்கண்ணியில் சுனாமித் தண்ணீர் கோயிலுக்குள் நுழையவில்லை, அற்புதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு அதே ஊர்க் கடற்கரையில் இறந்த திருப்பயணிகளின் வீட்டார் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவேண்டும்.

நீங்கள் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று பையன் கேட்டால், நான் சொல்வது இது: சிலுவையில் தொங்கியவரும் "என்னை ஏன் கைவிட்டீர்" என்று கத்தினார். அவருக்கும் அப்போது பதில் வரவில்லை. என் தம்பி கத்தியதும் அதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நின்றவரோடுதான் என்னால் பேச முடிகிறது.

பதில்: மட்டக்களப்பு வாசகர்

நான் நம்பிக்கையை விட்டு விலகியவன். ஆனாலும் டீச்சரின் கேள்வி என்னுடையதும்தான். மனிதன் செய்த தீமைக்காவது சுயசித்தம் பதிலாகுமா? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் குண்டில் செத்தார்கள். குண்டு கட்டி வந்தவனின் சித்தத்தைக் கடவுள் மதித்தார் என்றால், அந்தப் பிள்ளைகளின் சித்தத்தை யார் மதித்தது?

பதில்: தூத்தூர் மண்டல ஆழ்கடல் தொழிலாளி

தம்பி, இதற்கு மறுமொழி சொல்லி உங்களை வெல்ல எனக்கு விருப்பமில்லை. ஒருவனின் சுதந்திரத்துக்கு இன்னொருவனின் பிள்ளை விலை கொடுப்பது நியாயமாக எனக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும். அங்கேயும் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது, அதைக் கண்டுகொள்ளவில்லை என்று 2023 ஜனவரியில் உங்கள் உச்ச நீதிமன்றமே முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டவர்களைப் பொறுப்பாக்கியது. சுயசித்தம் என்று பேசும்போது குண்டு வைத்தவனோடு நிறுத்திவிடுகிறோம். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்து தடுக்காதவனுக்கும் அது உண்டு. நாளைக்கு அந்த நாற்காலிகளில் உட்காரப்போவது டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு இது தெரியவேண்டும்.

பதில்: கடற்கரை டீச்சர்

மூவருக்கும் நன்றி. பாடப் புத்தகத்தை இந்த ஞாயிறு திறக்கப்போவதில்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்தை வாசிக்கப்போகிறேன். படகில் தண்ணீர் நிறைகிறது, இயேசு தூங்குகிறார், நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் எழுப்புகிறார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, அவரிடம் என்ன கேட்கவேண்டுமோ எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன். கோபமாக எழுதினாலும் திருத்தமாட்டேன். அதற்கு முன்னால் பையனின் அம்மாவைப் பார்த்துப் பேசிவிடுகிறேன்.

அண்ணன், ஞாயிறு நீங்கள் கரையில் இருந்தால் வரமுடியுமா? முதல் திருப்பலி முடிந்ததும் வகுப்பு.

பதில்: தூத்தூர் மண்டல ஆழ்கடல் தொழிலாளி

புதன்கிழமைதான் போட் கடலில் இறங்கும். வருகிறேன் டீச்சர். பையனாகக் கேட்டால் ஓகியைப் பற்றிச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.