காரோடு போனை இணைத்து நீங்கள் பட்ட பாடு: ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க

கொங்கு வண்டிக்காரன்:
போனின் மேப், பாட்டு, செய்தியையெல்லாம் கார் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஈரோட்டில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் மாமா, பின்னால் அத்தையும் மனைவியும். பெருந்துறை தாண்டியதும் மச்சானின் வாட்ஸ்அப் செய்தி திரையில் எட்டிப் பார்த்தது. அது தானாகப் படிக்காது, தொட்டால்தான் படிக்கும். நான் தொடவில்லை. "என்னமோ மினுக்குதுங்க மாப்பிள்ளை" என்று மாமா விரலை வைத்துவிட்டார்.

மச்சான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற ஆள். செய்தியைப் படித்துக் காட்டுகிற அசிஸ்டென்டும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. "ஏப்பா கிட்டா லேண்ட் விட்டாதா சோலாடிங்கா" என்று ஒரு வெள்ளைக்காரக் குரல், நாலு ஸ்பீக்கரிலும். முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எனக்குப் புரிந்துவிட்டது, "அப்பாகிட்ட லேண்ட் வித்தத சொல்லாதீங்க" என்று. பின்னால் மனைவிக்கும் புரிந்துவிட்டது என்று கண்ணாடியில் தெரிந்தது. மாமா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். அப்புறம், "இன்னொரு தடவ போடுங்க மாப்பிள்ளை" என்றார்.

சைதை ராத்திரிப்பறவை:
அம்மாவின் பயாப்ஸி ரிசல்ட்டுக்காக டாக்டரின் போனை எதிர்பார்த்துக் காலையிலிருந்து ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. "ரிப்போர்ட் வந்துடுச்சு, பார்த்தேன்" என்றார் டாக்டர். அவ்வளவுதான், லைனில் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று கத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்க வழி விடுவதற்காக என் மனைவி வாசலில் நின்ற காரை அப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறாள். போன் கால் அப்படியே காருக்குத் தாவிவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள் யாரிடமோ பேசுகிறாள், தலையாட்டுகிறாள், வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த முகத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கட்டி சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

மலைப்பாதை:
கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு என்பது தெரிந்ததுதானே. இறங்கும்போது தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில். வயரில் இணைக்கிற வண்டி. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாயும்போது கேபிள் லேசாக ஆடும், மேப் போய்விடும், திரை எஃப்எம்முக்குத் திரும்பிவிடும். மலையில் ஏது ஸ்டேஷன்? கொர்ர்ர் என்று இரைச்சல். மேப் குரல் கேட்பதற்காகச் சத்தத்தை வேறு கூட்டி வைத்திருந்தோம். ஒரு வளைவில் அந்தக் கொர்ர் சத்தமும் கீழேயிருந்து ஏறி வந்த பஸ்ஸின் ஹாரனும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எது ரேடியோ எது பஸ் என்று பிரிக்கவே முடியவில்லை. தம்பி திரையைத் தட்டுகிறான், நிமிர்ந்தால் கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகப்பு. நெற்றியில் பட்டையாகச் சந்தனம், "முருகன் துணை" என்ற எழுத்து, தொங்கிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழம் வரைக்கும் தெரிந்தது. பஸ் டிரைவர்தான் பின்னால் எடுத்தார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். அப்படியிருந்தும் அவர் எடுத்தார்.

டெக் சித்தப்பா:
@மலைப்பாதை, எனக்கும் ஏற்காட்டில் இப்படி ஆகியிருக்கிறது, அதை விடுங்கள். உங்கள் பிரச்சினை கேபிள்தான். வண்டி ஆடினால் துண்டிக்கிறது என்றால் போனின் சார்ஜிங் ஓட்டையில் பஞ்சு அடைத்திருக்கலாம். சட்டைப்பையில் போடுகிற போன் எல்லாவற்றிலும் அடையும். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம். அதற்கு அப்புறமும் ஆடினால் கேபிளை மாற்றுங்கள். ரோட்டோரம் கிடைக்கிற சில மலிவு கேபிள்களில் கரன்ட் போகிற வயர் மட்டும் இருக்கும், டேட்டா வயரே இருக்காது. சார்ஜ் ஏறும், மேப் வராது. ஆட்கள் வண்டியைத் திட்டுவார்கள். ஒரு மீட்டருக்குள் நீளம் இருந்தால் நல்லது. நடுவில் எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள்.

மலையேறும் முன் அந்த ஏரியா மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், செயற்கைக்கோளுக்கு நெட் தேவையில்லை. காரில் இருப்பது வெறும் திரை, யோசிப்பதெல்லாம் போன்தான். அதனால் பேட்டரி சேவர் போட்டுவிட்டு மேப் தடுமாறுகிறது என்று சொல்லாதீர்கள். வயர்லெஸ்ஸுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அது முதலில் புளூடூத்தில் கைகுலுக்கி, அப்புறம் வைஃபையில் படத்தை ஓயாமல் அனுப்புகிறது. சித்திரை வெயிலில் அந்தப் போனை வயர்லெஸ் சார்ஜர் மேல் வேறு வைத்தால் தோசை வார்க்கலாம். உளுந்தூர்பேட்டை தாண்டி என் போன் சூடாகி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. ஏசி காற்று படுகிற இடத்தில் ஹோல்டர் மாட்டுங்கள். கேபிளை டேப் போட்டு ஒட்டுங்கள். எஃப்எம் சத்தத்தை முன்கூட்டியே குறைத்து வையுங்கள், அது தனி, மேப் குரலின் சத்தம் தனி. குரல் பேசும்போது திருகினால் குரல் மட்டும்தான் கூடும்.

மலைப்பாதை:
சித்தப்பா, நான் கேபிளுக்கு வழி கேட்கவே இல்லையே. அந்த பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கேபிளை மறுநாளே தூக்கிப் போட்டாச்சு.

டெக் சித்தப்பா:
சரி. பல்குச்சி விஷயம் மற்றவர்களுக்காவது உதவும்.

செகண்ட் ஹேண்ட் சாமி:
நான் வாங்கிய பழைய வண்டியில் கம்பெனி கொடுத்த நேவிகேஷன் உள்ளேயே இருந்தது. என் போனை இணைக்க முடியாமல் ஒரு நாள் ராத்திரி திருச்சி பைபாஸில் அதைத் திறந்தேன். "வீடு" என்று ஒரு பட்டன். என் வீட்டை நான் பதியவே இல்லை. தட்டினால் மதுரையில் ஏதோ ஒரு தெருவுக்கு வழி காட்டுகிறது. அதற்குக் கீழே "ஆபீஸ்", அதற்கும் கீழே ஒரு டயாலிசிஸ் சென்டர். அடிக்கடி போகிற இடங்கள் பட்டியலில் அதுதான் முதலில். வண்டியை எனக்கு விற்றது புரோக்கர், பழைய ஓனரை நான் பார்த்ததே இல்லை. ஃபேக்டரி ரீசெட் போட்டால் எல்லாம் அழிந்துவிடும், தெரியும். இன்னும் போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

விடாக்கண்டன்:
@சைதை ராத்திரிப்பறவை, அம்மா நல்லபடியாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் பழியைத் தப்பான ஆள் மேல் போடுகிறீர்கள். உங்கள் போன் காலைப் பிடுங்கியது புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ, அதாவது காரின் ஸ்பீக்கரிலும் மைக்கிலும் போன் பேச வைக்கிற வசதி. ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்ததே 2015ல், கார்பிளே அதற்கு ஒரு வருஷம் முந்தி. சாதாரண மியூசிக் சிஸ்டம் வைத்திருந்த காலத்திலேயே வாசலில் கார் நின்று ஹாலில் இருக்கிற போனைப் பிடித்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. கால் திரையில் ஸ்பீக்கர் படம் இருக்கும், அதைத் தட்டி "போன்" என்று மாற்றினால் கால் கைக்குத் திரும்பிவிடும்.

சைதை ராத்திரிப்பறவை:
அந்த நேரத்தில் எந்தப் படத்தைத் தேடுவது தம்பி? கை நடுங்கிக்கொண்டிருந்தது. பெயர் எதுவாக இருந்தால் என்ன.

ஓஎம்ஆர் டாக்ஸி:
அண்ணன்மாருக்கு வணக்கம். சவாரி ஓட்டுகிறவன். சோழிங்கநல்லூரில் ஏறிய தம்பி, "அண்ணே, என் போன்ல பாட்டு போட்டுக்கவா?" என்று கேட்டார். தாராளமா என்று என் போனைக் கழற்றிவிட்டு அவருடையதை இணைத்துக் கொடுத்தேன். ரெண்டு பாட்டு ஓடியிருக்கும். மூணாவது பாட்டு நடுவில் கால் வந்து அவர் எடுத்துவிட்டார். எச்ஆர் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ரொம்ப மரியாதையாக, இன்றோடு வேலை முடிகிறது, லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டும், மெயில் வரும் என்று சொல்கிறார். வண்டி முழுக்கக் கேட்கிறது. நான் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன். குறைத்தால் அவருக்கும் கேட்காதே என்று எடுத்துவிட்டேன்.

கால் முடிந்ததும் நிறுத்திய இடத்திலிருந்து பாட்டு தானாகத் தொடர்ந்தது. நல்ல குத்துப்பாட்டு. அவரும் நிறுத்தவில்லை, எனக்கும் நிறுத்தலாமா என்று தெரியவில்லை. கந்தன்சாவடி சிக்னல் வந்தபோது, "அண்ணே, ஆபீசுக்கு வேண்டாம், யூ டர்ன் போட முடியுமா?" என்றார். என் போன் கழன்று கிடக்கிறது, மேப் இல்லை. "முடியும் தம்பி, எனக்கு வழி தெரியும்" என்றேன்.