அறிவியல், இயற்கைச் சுற்றுலாவில் கூட்டிப்போன இடத்தில் நடந்த ஒன்று: இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

பெரம்பலூர் மருமகள்:

பெரம்பலூர் பக்கம் புதைபடிவங்கள் கிடக்கிற காரைக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் செம்மண் பள்ளங்கள், நடுவே மின்னும் ஜிப்சம், ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்துவிட்டு வேனில் வந்து இறங்கினோம், பெற்றோரும் பிள்ளைகளுமாக. கூட்டிப்போனவர் நன்றாகவே பேசினார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகன் ஒரு பெலம்னைட்டை, அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிர் ஒன்றின் மிச்சத்தை, எடுத்துவிட்டான். துப்பாக்கித் தோட்டா மாதிரி, தேன் நிறத்தில், முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. கையை நீட்டிக் காட்டினான்.

அவர் வாங்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு ஓங்கிப் பள்ளத்துக்குள் எறிந்தார். கீழே கல்லில் பட்டு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் பாட்டுக்கு, நத்தை மாதிரி சுருண்ட ஓடுள்ள அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. திரும்பும்போது வேனில் மகன் கேட்டான்: "எடுத்தால் தப்பு, உடைத்தால் தப்பில்லையா அம்மா?" இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

உளியும் சுத்தியும்:

அக்கா, உங்கள் மகன் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் நிலவியல் படித்தவன். புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அது கிடந்த அடுக்கில் இருக்கிறது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அந்தப் பாறைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்ததற்குக் காரணம், எந்த உயிர் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்த்ததுதான். எடுத்துப் பையில் போடுவதும் வீசி எறிவதும் அந்த வகையில் ஒன்றே. இரண்டிலும் இடம் தொலைந்துவிடுகிறது.

நாங்கள் கல்லூரியில் படித்தபோது ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு ஓர் அம்மோனைட், அரவைக்குப் போகும் குவியலின் மேல் கிடந்தது. பேராசிரியர் ஓடினார். அதற்குள் டிப்பர் கவிழ்த்துவிட்டது.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். அந்தக் களிமண் வழுக்கும், ஏறிய சரிவில் இறங்க முடியாது. காலை ஏழு மணிக்கே போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். எதையாவது கண்டால் தொடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். பிறகு பத்தடி பின்னால் வந்து சரிவு முழுவதும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வரைந்த பிள்ளை எடுக்கக் கேட்காது. அரிதாக ஏதாவது கிடைத்ததாகத் தோன்றினால், அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே படத்தைக் காட்டிக் கேளுங்கள். பெலம்னைட் கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கடைத்தெருவில் கணவாயைப் பார்த்திருக்கிற பிள்ளை மறக்காது.

திருவான்மியூர் நடையன்:

தொடவே கூடாது, தொட்டாலும் படம் எடுத்த பிறகுதான் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள் சார். ஆமை நடைக்கு வந்து பாருங்கள். 1988 முதல் மாணவர்கள் நடத்துகிற நடை அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவுக்கு மேல். கடலாமைகள் கரையேறி இட்ட முட்டைகளைத் தேடி எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பதற்காக.

எங்கள் குழுவில் வந்த தன்னார்வலர் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். மணலில் தடம் பார்த்ததும் டார்ச்சை அணைக்கச் சொன்னாள். குச்சியால் மெல்லக் குத்திக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் குச்சி சட்டென்று இறங்கியது. குப்புறப் படுத்து, முழங்கைக்கு மேல் கை மறைய, ஒவ்வொரு முட்டையாக எடுத்தாள். கூட வந்த சிறுவர்கள் கிசுகிசுப்பாக எண்ணினார்கள். நூறைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தது. இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், பிறகு கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், உருட்டினால் செத்துவிடும் என்றாள். எடுக்காமல் விட்டால்? நாய் தோண்டும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சு கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்து போகும்.

அன்று எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. கூட்டத்தில் ஒருவர், அவளுடைய கை குழிக்குள் இருக்கும்போதே, பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாய் ஆமை இருந்திருந்தால் இந்நேரம் முட்டையிடாமல் திரும்பியிருக்கும்" என்று மணலைப் பார்த்தே சொன்னாள். அவர் அடுத்த படமும் எடுத்தார். அந்த இரண்டாவது வெளிச்சம்தான் எனக்கு ஆறவில்லை.

உளியும் சுத்தியும்:

முட்டைக்கு நாளை ஒரு வாழ்க்கை இருக்கிறது, கல்லுக்கு இல்லை. இரண்டையும் ஒரு தராசில் வைக்காதீர்கள்.

திருவான்மியூர் நடையன்:

வைத்தது நீங்கள்தான் சார்.

மலைக்காட்டு மாப்பிள்ளை:

காவலூர் பற்றி யாரும் எழுதவில்லையே. ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். எங்களைக் கூட்டிப்போன ஏற்பாட்டாளர் பஸ்ஸில் ஏறியதிலிருந்தே "2.34 மீட்டர் தொலைநோக்கி, 2.34 மீட்டர்" என்று ஏற்றிவிட்டார். அதில் கண்ணை வைத்துப் பார்க்கப்போகிறோம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அங்கே போனால், அது ஆய்வுக்கு, ஒளியைக் கருவிகள் பதிவுசெய்துகொள்ளும், பார்வையாளர்களுக்குச் சிறிய தொலைநோக்கிதான் என்கிறார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் முகம் தொங்கிவிட்டது. சொல்லவேண்டியதை முன்பே சொல்லித்தொலைக்கலாம் இல்லையா? 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அந்தக் கதையைச் சொன்னாலே போதும், பொய்யான ஆசை தேவையில்லை.

என் மாமனார் வந்திருந்தார். வேளாண்மை பார்த்தவர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். வரிசையில் அவர் முறை வந்தது. சனிக்கோளைப் பார்த்தார், வளையத்தோடு. நிமிர்ந்தார். பேசவில்லை. நேராகக் குழாயின் முன்பக்கம் போய் உள்ளங்கையை வைத்து மறைத்தார். "மாப்பிள்ளை, இப்போது பாருங்கள்" என்றார். பார்த்தேன். சனி இல்லை. கையை எடுத்தார், வந்துவிட்டது. "சரி, படம் ஒட்டவில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அதற்குள் மேகம் மூடிவிட்டது. அவருக்கு இன்னொரு முறை கிடைக்கவில்லை.

கூழைக்கடா:

வேடந்தாங்கல். பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்கரை முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மடியில் அச்சடித்த தாள். "பத்துப் பறவைகளின் பெயர் எழுதுக." பலகையைப் பார்த்து எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து நீர்க்கடம்பு மரத்தில் ஒரு கூழைக்கடாக் குஞ்சு, தாயின் அலகுப் பைக்குள் தலையையும் கழுத்தையும் விட்டு மீன் தேடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சிறுமி மட்டும் திரும்பிப் பார்த்தாள். "முன்னால் பார்" என்று அதட்டல் வந்தது.

அந்த ஊர்க்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் சொல்லிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் அச்சடித்த தாள் கொடுக்கவில்லை.

ஏழாம் வகுப்பு வாத்தியார்:

கூழைக்கடா அவர்களே, நான் அந்தத் தாள் கொடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பக்கத்தில் தண்ணீர். ஏரியைப் பார்த்து நிற்கவிட்டால் இறங்கிவிடுவார்கள். தாளைக் கொடுத்தால் உட்காருவார்கள். சுற்றுலாவுக்குச் சான்று வேண்டும் என்று நிர்வாகமும் கேட்கும். நீங்கள் ஒருமுறை எண்ணிக்கை எடுத்துப் பாருங்கள், பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும். பறவை கண்ணில் படாது.

ஆனால் பிச்சாவரத்தில் தாள் இல்லாமல் போனோம். படகில் நனைந்துவிடும் என்பதுதான் காரணம், வேறு உயர்ந்த நோக்கம் ஏதுமில்லை. படகோட்டி ஓர் அலையாத்தி இலையைப் பறித்து, "நக்கிப் பார்" என்று முன்வரிசைப் பையனிடம் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நக்கினான், முகம் சுளித்தான், "சார், உப்பு!" என்று கத்தினான். பிறகு படகு முழுக்க ஆளுக்கோர் இலை கேட்டார்கள். அலையாத்தி உப்பை உறிஞ்சி இலை வழியாகத் துப்புகிறது, அந்தப் பக்கம் விழுது ஊன்றி நிற்கிற சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது, எனவே அதை நக்கினால் ஏமாந்துபோவாய் என்றார் படகோட்டி. உடனே அதையும் நக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரே கூச்சல். ஆண்டுத் தேர்வில் இதைப் பற்றி வந்த கேள்வியை ஒருவர்கூடத் தவறவிடவில்லை.

மறு ஆண்டு பிச்சாவரம் போக நிர்வாகத்திடம் மறுபடி கேட்டேன். பிள்ளைகள் இலை நக்கிய செய்தி எப்படியோ ஒரு பெற்றோர் வழியாக அலுவலகத்துக்குப் போயிருந்தது. கோளரங்கத்துக்குப் போங்கள், அங்கே குளிர்சாதனம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.