புதுப்பிப்பு: அடிக்கடி வீடு மாறுபவருக்கு எந்த ஆன்டெனா?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பணியிடம் மாறும்தோறும் வாடகை வீடும் மாறுகிற எனக்கு ஏற்ற ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனா எது என்று முன்பு கேட்டிருந்தேன். நண்பர்கள் சொன்னவற்றைக் கட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

என் தேர்வு, ஒரு முனையில் மட்டும் கேபிள் இணைக்கும் அரை அலைநீளக் கம்பிதான். 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர் உள்ள அலைவரிசைக்கு) ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியும், அதைக் கேபிளுக்குப் பொருத்தும் 49:1 டிரான்ஸ்பார்மரும் போதும். அதே கம்பி 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் பெரும்பாலும் ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுடன் பொருத்தும் கருவி) இல்லாமலே வேலை செய்கிறது. ஒரு முனையை மொட்டைமாடியிலும் மறுமுனையை வீட்டுக்குப் பின்னுள்ள பனையிலும் நைலான் கயிற்றால் கட்டுகிறேன். ஆடிக் காற்றில் பனை ஆடும்போது கம்பி அறுந்துவிடாமலிருக்க, பனைப் பக்கத்துக் கயிற்றை ஒரு கப்பி வழியாக விட்டு, அதன் நுனியில் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடுவது மிக அவசியம்.

டைபோலும் (நடுவில் கேபிள் இணைத்து இருபுறமும் நீளும் கம்பி) நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நடுவில் கேபிளின் எடையைத் தாங்கக் கம்பம் நட எல்லா வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை. இழுத்து நீட்டும் விப் (செங்குத்தாக நிற்கும் கோல்) ஆன்டெனா பைக்குள் அடங்கும். எனினும் அதன் அடியிலிருந்து சுற்றிலும் பரப்பும் ரேடியல் கம்பிகளை விரிக்காவிட்டால் திறனில் பெரும்பகுதி வீணாகிறது.

எதைக் கட்டினாலும் மின்கம்பிகளுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஐப்பசி இடிமழை தொடங்குமுன் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.