தலங்கம குளத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு: முதல்முறை போறவர் எதைக் கவனிக்க வேணும்?

வெள்ளவத்தைக்காரி:
ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பல்கலைக்கழகக் குழுவோட கொழும்புக்குக் கிட்ட இருக்கிற தலங்கம குளத்துக்குப் போறம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் வேலை. தோட்டத்துக்கு வாற குருவிகளைத் தெரியும், கொக்குகள்தான் குழப்பம். என்ன கொண்டுபோறது? ஆய்வாளர்களுக்குப் பயன்படுற மாதிரி எப்படி எண்ணுறது?

மடையான்:
8x42 பைனாகுலர் (8 மடங்கு பெருப்பிக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும். பேனை ஈரத்தில் கரையும், பென்சிலும் கொப்பியும் கொண்டுபோங்கோ. கிழக்குக் கரையில் தொடங்கினால் காலை வெயில் முதுகுப் பக்கம் விழும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும், தூரத்துப் பறவைகளை அதுக்கு முதலே முடிச்சிடுங்கோ.

எண்ணும் இடத்துக்கு வந்தவுடன் தொடங்க வேண்டாம். நீங்கள் வந்த சத்தத்தில் தாழைக்கோழி புல்லுக்குள் ஓடியிருக்கும். இரண்டு மூன்று நிமிஷம் அசையாமல் நின்றால் வெளியே வரும். பிறகு இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் எண்ணுங்கோ, திரும்பிப் போய்ச் சேர்க்க வேண்டாம்.

சீழ்க்கைச்சிறகி (சீழ்க்கை அடிக்கிற காட்டு வாத்து) கூட்டமாக இருந்தால் முதலில் சரியாகப் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கிற இடத்தின் அளவைக் கண்ணில் வைச்சு, முழுக் கூட்டத்திலும் அப்படி எத்தனை என்று பாருங்கோ. பெரிய கூட்டத்தைக் கண் குறைச்சுத்தான் மதிக்கும். பறக்கிற கூட்டத்தைப் படமெடுத்து வீட்டில் எண்ணலாம்.

ஒரே பறவையை இரண்டு தரம் எண்ணுறதுதான் பெரிய தொல்லை. கொக்குக் கூட்டம் எழும்பினால் நேரத்தையும் போன திசையையும் எழுதி, அடுத்த இடத்தில் நிற்கிறவருக்கு உடனே போன் எடுங்கோ. இறங்காமல் மேலே கடந்துபோறவற்றைக் குளத்தின் தொகையில் சேர்க்காமல் புறம்பாக எழுதுங்கோ.

பெத்தகான நடை:
கொக்குக் குழப்பத்துக்கு: முதலில் அலகு, பிறகு கால். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். நிற்கும்போது விரல் சேற்றுக்குள் இருக்கும், அதனால் பறக்கும்போது பாருங்கள். உண்ணிக்கொக்குக்குக் குட்டையான மஞ்சள் அலகு, தாடை கொஞ்சம் தடித்திருக்கும். ஜனவரியில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மஞ்சள் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம், முழு வெள்ளையாகவே இருக்கும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அப்போது அலகு மஞ்சள்தான். பெரியதற்கு வாய்க்கோடு (வாய் பிளக்கிற கோடு) கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்திற்குக் கண்ணுக்குக் கீழேயே முடியும். தூரத்தால் எதுவும் தெரியாவிட்டால் "வெள்ளைக் கொக்கு, இனம் தெரியாது, 14" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய இனம் அட்டவணைக்குள் போனால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

குளத்து மடையான் (மண்ணிறச் சின்னக் கொக்கு வகை) பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது, எழும்பும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். அதனால் தொகை எப்போதும் குறைவாகவே வரும். அதற்காக மனக்கணக்கில் கூட்டி எழுதக் கூடாது.

தியவன்னாக் கரை:
பாதுகாப்பையும் சொல்ல வேணும். கொழும்புச் சதுப்பு நிலங்களில் முதலை உண்டு, தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் சேற்றில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். கூடு கண்டால் கிட்டப் போகாதீர்கள். ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நேரத்தையும் 0 என்பதையும் எழுதுங்கள். வெறுமையாக விட்டால் அங்கே யாரும் போகவில்லை என்றுதான் வாசிப்பார்கள்.

வெள்ளவத்தைக்காரி:
நன்றி. இரண்டு பேர் எண்ணி ஒருவருக்கு 60, மற்றவருக்கு 85 வந்தால் நடுவில் ஒரு எண்ணைப் போடலாமா?

மடையான்:
போட வேண்டாம். பறவைகள் அப்படியே நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தரம் எண்ணுங்கோ. பறந்துவிட்டால் இரண்டு எண்ணையும், யார் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் எழுதிக் குடுங்கோ. எதை எடுக்கிறது என்று குழுத்தலைவர் முடிவெடுப்பார்.